"வெறும் வயிறு" என்றால் என்ன?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கோ.

போன வருஷம் எங்கட உம்மாவுக்கு குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன். முதல்நாளே நயினாதீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, டவுணில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். "நாளைக்கு வெறும் வயிற்றோட வாங்கோ" என்று சொல்லியிருந்தார்கள். உம்மா என்ன செய்தா தெரியுமா? நோன்புக்கு சஹர் செய்வது போல விடிய நாலு மணிக்கு எழும்பி, பாணும் தேத்தண்ணியும் சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு வாயில் தண்ணீரும் படாமல் இருந்தா. அவவின் கணக்கில் அதுதான் வெறும் வயிறு. தியேட்டருக்கு எடுக்கவில்லை. அடுத்த திகதி ஒன்றரை மாதம் கழித்து. நான் ரீச்சர் மகன், பக்கத்து அறையில் நித்திரை!

வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியின் மூலையில் தாளுக்குத் தாள் படம் கீறினேன். வயிறு, உணவுக் குழாய், பக்கத்தில் சுவாசக் குழாய். தாள்களை விறுவிறென்று தட்டினால் தேத்தண்ணி மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும். முழித்திருக்கும்போது புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். மயக்க மருந்து கொடுத்தால் அந்த இருமல் வராது. அதுதான் காரணம். உம்மா மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை அப்பவே காட்டியிருக்கலாமே" என்றா.

நான் கேட்பதும் அதைத்தான். ஒப்பரேஷனுக்கு முதல் நோயாளிக்கு இரண்டு நிமிஷ அனிமேஷன் ஒன்று காட்ட வேணும். உண்மையான ஒப்பரேஷன் வீடியோவில் இரத்தத்தைக் கண்டால் ஆள் படுக்கையை விட்டே ஓடிவிடும். கீறிய படத்தில் பயமில்லை, உள்ளே நடப்பதும் தெரியும். வெண்புரை ஒப்பரேஷனில் கண்ணையே வெளியே எடுத்துக் கழுவி வைப்பார்கள் என்று நம்புகிறவர்கள் எங்கட ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அதற்குப் பயந்தே பார்வை மங்க மங்க வீட்டில் இருக்கிறார்கள். சின்னக் கீறல் ஒன்று போட்டு, மங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்து, செயற்கை வில்லையை வைக்கிறார்கள், அவ்வளவுதான். படத்தில் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

இது எங்கட மண்ணுக்குப் புதிதுமில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, பிறகு மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். சத்திரசிகிச்சைக்கான "இரணவைத்தியம்" 1867இல் தமிழில் வந்துவிட்டது. மாணவனுக்குத் தமிழில் சொன்னார்கள். படுக்கையில் கிடக்கிறவருக்கு இன்னும் "கையெழுத்து வையுங்கோ" தான்.

வீடியோ வந்தால் டொக்டர் வாயே திறக்க மாட்டார் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால் படம் பார்த்த பிறகு கேள்வி கேட்க நேரம் கொடுக்க வேணும். இந்தியத் தமிழில் டப் செய்ததும் வேண்டாம். "தேத்தண்ணியும் குடிக்கக் கூடாது, அம்மா" என்று எங்கட பேச்சில் ஒரு பெண்குரல் சொல்லட்டும். போனில் அனுப்பினால் படகேற முதலே வீட்டில் எல்லாரும் பார்க்கலாம். சோளகக் காலத்தில் நெடுந்தீவிலிருந்து ஒருவர் கடலில் ஆடி ஆடி வந்து, ஒரு கோப்பை தேத்தண்ணிக்காகத் திரும்பிப் போகக் கூடாது.

எங்கட உயர்தர மாணவர்களில் நன்றாகக் கீறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கொம்பியூட்டரில் அனிமேஷன் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். சரிபார்த்துத் தர ஒரு டொக்டர் வேணும். "வெறும் வயிறு" தான் முதல் படம். இன்பொக்ஸில் வாங்கோ.