சிலிண்டர் மேல் ஒரு சீட்டு

ஸ்கூபா சாமான்களுக்குப் பெயர்ச்சீட்டு செய்து விற்பதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் சிலிண்டரின் மேலுள்ள சீட்டை ஒருமுறை படிக்க வேண்டும். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் அதில் 32 என்றால், சுமார் 33 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது; போனால் அந்த ஆக்சிஜனே வலிப்பை வரவழைத்து ஆளை மூழ்கடித்துவிடும். அந்த எண்ணும், நிரப்பிய தேதியும், பயன்படுத்துபவர் பெயரும் உப்புநீரில் அழியாமல் நிற்க வேண்டும். மார்க்கர் எழுத்து அதற்கு நெடுநாள் தாங்காது. இந்தச் சீட்டுகளைச் சென்னையின் பாடிப் பகுதியில் பொறித்துச் செய்யலாம். பாடிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. வாகன உதிரிபாகங்களில் எண் பொறிக்கிற கைகளுக்கு இது புதிய வேலையே அல்ல. கோவளம், புதுச்சேரி பயிற்சி மையங்களை மட்டும் நம்பினால் கடை ஓடாது என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அதே சீட்டு தீயணைப்பு வீரரின் மூச்சுக்கருவிக்கும் விசைப்படகு என்ஜினுக்கும் பொருந்தும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சிலிண்டர் உடம்பில் உளி படக்கூடாது, கீறல் அதன் பலத்தைக் குறைக்கும். தொழில் தேடும் இளைஞர்களே, சில சீட்டுகளைச் செய்து மாதக்கணக்கில் கடல்நீரிலும் வெயிலிலும் போட்டுப் பாருங்கள். எழுத்து நிற்பதை மட்டும் விலைக்குக் கொடுங்கள்.