எதற்கு ஐயா அது?

உங்கள் பிள்ளையோ பெண்ணோ எஞ்சினீயரிங் முடித்துவிட்டு, சாமானின் அடக்க விலையைக் குறைக்கும் உத்தியோகத்துக்குப் போகிறார்களா? பேஷ்! ஆனால் கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. முதல் ஆறு மாதம் பட்டறையில் ஃபோர்மன் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். சாமான் விற்கிறவரிடமும் பேச்சுக் கொடுக்கட்டும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவில் இருந்த லாரன்ஸ் மைல்ஸ், 1947-ல் இந்த வித்தையை ஒரு முறையாக வகுத்தவர். யுத்தகாலத் தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த பாடம் அது. கேட்ட சாமான் கிடைக்காது. அதன் வேலையை வேறு எது செய்யும் என்று தேடியாக வேண்டும்.

அங்கே ஒரு கதை சொல்வார்கள். வர்ணம் பூசும் இடத்தில் தரையில் விரிக்க ஆஸ்பெஸ்டாஸ் கேட்டார்களாம். “எதற்கு?” என்றார் வியாபாரி. சொட்டும் வர்ணம் தீப்பிடிக்காமல் இருக்க. அதற்குத் தீப்பிடிக்காத காகிதமே போதுமே, விலையும் குறைவு! ஆனால் கம்பெனியின் தீத்தடுப்பு விதியில் ஆஸ்பெஸ்டாஸ் என்றல்லவா எழுதியிருந்தது? காகிதம் சுலபமாகக் கிடைத்துவிட்டது. விதியை மாற்றுவதுதான் பெரும் பாடாயிற்றாம்.