ஓடாத வருசங்கள் வயதில் சேராதாம்

யாழ்ப்பாணத் தெருக்களில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் இன்னும் ஓடுது. எஞ்சினை மாத்தலாம், கதவைப் புதுசா அடிக்கலாம். ஆகவே பழசு எண்டாலே ஆபத்து என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லப்போவதில்லை.

யப்பானின் தக்காஹாமா முதலாம் அணு உலைக்கு 2024 நவம்பரில் 50 வயது. அந்த நாட்டில் அவ்வளவு காலம் தாண்டிய முதல் உலை அதுதான். உலையிலும் பம்பியை மாற்றலாம், வயர்களை மாற்றலாம், நீராவி உண்டாக்கும் பென்னம்பெரிய பாகத்தைக்கூட மாற்றலாம். எரிபொருள் இருக்கும் உருக்குக் கலனை மட்டும் மாற்றுவதில்லை. நியூத்திரன்கள் வருடக்கணக்கில் தாக்கத் தாக்க அந்த உருக்கு நொறுங்கும் பதத்துக்குப் போகும். தொடக்கத்திலேயே உள்ளே வைத்த மாதிரித் துண்டுகளை இடைக்கிடை வெளியே எடுத்து, உடைத்துப் பார்த்துத்தான் நிலைமையை அறிகிறார்கள்.

புகுஷிமாவுக்குப் பிறகு யப்பான் ஒரு எல்லை போட்டது: 40 வருடம், மிஞ்சினால் ஒருமுறை இன்னும் 20. 2023 மே மாதம் வந்த சட்டம் அந்த 60ஐத் தொடவில்லை, எண்ணும் முறையை மாற்றியது. பாதுகாப்புப் பரிசீலனைக்காகவோ நீதிமன்றத் தடையாலோ நின்ற காலம் கணக்கில் வராது. பத்து வருடம் அப்படி நின்ற உலை எழுபது வரை ஓடலாம்! நின்ற உலையில் நியூத்திரன் அடி இல்லை என்பது சரிதான். ஆனால் கொங்கிரீட்டும் வயர் உறையும் நின்றபடியே கிழடாகும். வரைபடமோ எழுபதுகளிலேயே நிற்கும்.

2022இல பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஆக்கள் நாங்கள். இறக்குமதி எரிபொருளை நம்பியிருக்கும் நாட்டின் பயம் எங்களுக்கு விளங்கும். நல்லா ஓடும் உலையை மூடிவிட்டு நிலக்கரி எரிப்பதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. உருக்கு சோதனையில் தேறினால் நீடிக்கட்டும். 30 வருடத்துக்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்று புதுச் சட்டமும் சொல்லுது, அது நல்லது. பிறகு கலண்டரை ஏன் திருத்துவான்?

இதை அணு ஒழுங்குமுறை ஆணையத்துக்குள்ளேயே ஒருவர் கேட்டார். புவியியலாளர் அக்கிரா இஷிவத்தாரி. இந்த மாற்றத்துக்குப் புதிய அறிவியல் காரணம் எதுவும் இல்லை. பரிசீலனை இழுபட இழுபட இன்னும் கிழட்டு உலைதான் ஓடும் என்றார். ஆணையத்தில் ஐந்து பேர். 2023 பெப்ரவரியில் நாலுக்கு ஒன்று என்று அது நிறைவேறியது.