பரேலியின் துபாஷி

எந்த ஊர் தேவாலய வரலாற்றைப் புரட்டினாலும் முதல் பக்கத்தில் ஒரு கப்பல் வரும். அதிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இறங்குவார். உத்தரப் பிரதேசத்தின் பரேலி மெதடிஸ்ட் சபையின் கதையும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்க மெதடிஸ்ட் சபையால் அனுப்பப்பட்ட வில்லியம் பட்லர் 1856ல் கல்கத்தா வந்தார். ஆண்டு முடிவதற்குள் பரேலியில் குடியேறினார். எல்லாம் சரி. ஆனால் பட்லருக்கு இந்துஸ்தானி தெரியாது. அப்படியானால் ஊர் ஜனங்களிடம் பேசியது யார்?

ஜோயல் ஜான்வியர். பட்லருக்கு உதவியாக அலகாபாத் பிரஸ்பிட்டேரியன் மிஷன் விட்டுக்கொடுத்த உள்ளூர் உபதேசியார். பாதிரியார் சொன்னதை மக்கள் மொழியில் சொன்னவர் அவர்தான். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுபவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். மூலம் யாருடையதாக இருந்தாலும், கேட்பவர் காதில் விழுவது துபாஷியின் சொல்தான்.

அடுத்த சில மாதங்களிலேயே சபைக்குச் சோதனை வந்தது. 1857 மே மாதம், ராணுவ அதிகாரிகளின் எச்சரிக்கையை ஏற்று பட்லர் குடும்பத்தோடு நைனிடால் மலைக்குப் போனார். ஜோயல் பரேலியிலேயே இருந்தார். மே 31, ஞாயிற்றுக்கிழமை. சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். சபையின் முதல் உறுப்பினர்களில் ஒருவரான மரியா என்ற பெண் அன்று கொல்லப்பட்டார். ஜோயல் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, கலவர பூமி வழியே அலகாபாத்துக்கு நடந்தார். அதோடு அவர் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், அமளி ஓய்ந்த பின் மீண்டும் பட்லரோடு வந்து சேர்ந்துகொண்டார்.

சபை திரும்பவும் துளிர்த்தது. 1859ல் ஜஹூருல் ஹக் என்ற முஸ்லிம் ஞானஸ்நானம் பெற்றார். பிற்காலத்தில் திருச்சபையில் ஒரு மாவட்டத்துக்கே தலைமை ஏற்றார். 1870ல் கிளாரா ஸ்வெய்ன் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் பரேலிக்கு வந்தார். மிஷன் வளாகத்தை ஒட்டியிருந்த நிலம் ராம்பூர் நவாப் கல்ப் அலி கானுடையது. மருத்துவமனைக்காக அதில் கொஞ்சம் கேட்டார்கள். 1871ல் நவாப் மாளிகையோடு சேர்த்து முழு நிலத்தையும், சுமார் 40 ஏக்கரை, தானமாகவே கொடுத்துவிட்டார். 1874ல் அங்கே பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆக, ஓர் உபதேசியார், உயிரைக் கொடுத்த ஒரு பெண், ஒரு ஹக், ஒரு நவாப். இவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் பரேலி சபையின் வரலாற்றில் மிஞ்சுவது ஒரு கப்பல் பயணம் மட்டுமே. கிறிஸ்தவம் அன்னிய இறக்குமதி என்று முழங்குபவர்களும், மிஷனரி படத்தை மட்டும் அட்டையில் போட்டு விழா மலர் வெளியிடும் சபையாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இரு தரப்புக்கும் உள்ளூர்க்காரர்கள் கண்ணில் படுவதில்லை. 1981ல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை தன்னாட்சி பெற்றது. நிர்வாகம் இந்தியர் கைக்கு வந்துவிட்டது. வரலாறு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜோயலைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி பட்லர் எழுதி வைத்ததுதான். துபாஷியின் கதையையும் துரைதான் சொல்ல வேண்டியிருந்தது. பட்லருக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. எத்தனை ஊர் உபதேசியார்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருப்பார்? அவர்கள் பெயர்களைத் தேட லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போக வேண்டாம். நம் ஊர் ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்தே தொடங்கலாம், அதைக் கரையான் தின்று முடிப்பதற்குள். அடுத்த விழா மலரின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர்கள் வரட்டும். கப்பல் இரண்டாம் பக்கத்தில் வந்தால் போதும்.