தடைக்காலமும் பூட்டிய ஆலையும்

மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்கு அரசு பணம் கொடுப்பதைப் பற்றி நம்ம ஊர் டீக்கடைகளில் ஒரு முணுமுணுப்பு உண்டு. "கடலுக்குப் போகாம இருக்கிறதுக்குக் காசா?" என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளிக்கும் அப்படி ஒரு தொகை வேண்டும் என்பது என் கட்சி.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகும் காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் கூட்டினார்கள். மகள் தூத்துக்குடியில் வாக்கப்பட்டிருப்பதால் கோடையில் நானும் என் சம்சாரமும் அங்கே போவது வழக்கம். சாயங்காலம் மீன்பிடித் துறைமுகம் பக்கம் நடப்போம். கரையேறிய படகுக்கு ஓய்வே கிடையாது. அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள், எஞ்சினை இறக்கிப் பிரிப்பார்கள். மரப்படகு என்றால் பலகை இடுக்கில் திரியை உளி வைத்து அடித்து அடைப்பார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். மத்தியதரைக் கடலோரத்திலும் இதன் பங்காளிச் சொற்கள் உண்டு.

அந்த மத்தியதரைக் கடலில் படகிலேயே குடித்தனம் நடத்தும் தம்பதிகளும் உண்டு. லின், லாரி பார்டி என்ற புருஷன் பெண்டாட்டி 1970-களில் எஞ்சினே இல்லாத 24 அடிப் பாய்மரப் படகில் அங்கெல்லாம் சுற்றினார்கள். கையில் காசு குறைந்தால் ஏதாவது ஒரு துறைமுகத்தில் தங்கி, பிறர் படகைப் பழுது பார்த்துச் சம்பாதித்துக்கொண்டு மறுபடி கிளம்புவார்கள். பழுது பார்க்கும் காலம் அவர்களுக்கு வரவுக் காலம். (நாமும் இப்படிக் கிளம்பலாமா என்று கேட்டேன். "ஏங்க, பிச்சாவரம் படகுலயே கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தவருதானே நீங்க" என்று பதில் வந்தது.)

தூத்துக்குடியில் படகில் பங்குக்குப் போகிறவருக்கு அப்படி இல்லை. படகு ஓடினால்தான் பங்கு. வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் மனைவி நாட்டுப்படகு மீனை வாங்கித் தெருத்தெருவாக விற்கிறார். "ரெண்டு மாசமும் இவ சோறுதான் அண்ணாச்சி" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. அரசின் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து இப்போது 8,000 ஆகியிருக்கிறது. 61-ஆல் வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். போதாதுதான். ஆனால் படகு என்றைக்குக் கடலில் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இன்னொரு வருமானமும் நிற்காமல் வருகிறது.

நம்ம பக்கம் இந்த இரண்டும் கிடையாது. ஓய்வுபெறும் முன் சில ஆண்டு சிவகாசியில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவைப் பார்த்தேன். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் ஆலை ஆலையாகச் சோதித்து, குறை கண்ட இடங்களில் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். செய்ய வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆலைக்குப் போகிற வீடுகள் ஏராளம். ஆலையைப் பூட்டினால் ஒரே நாளில் இரண்டு கூலியும் நின்றுபோகும். கம்மலைக் கழற்றிக் கவுண்டரில் வைப்பது மனைவி, வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது கணவன். எப்போது திறப்பார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

அந்த நாட்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் வீட்டுக்குள் கருந்திரி திரிக்கிறார்கள். வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கத்துச் செய்திகளை நாம் எல்லோரும் படிக்கிறோம். மீனவருக்குக் கொடுக்கும் பணம் தடையை மீறாமல் கரையில் இருக்க உதவுகிறது. இவர்களுக்கு அந்த உதவி இல்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவரும் தன் பங்கைக் கட்டுகிறார், மத்திய மாநில அரசுகள் மேலே போடுகின்றன. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கென்று நல வாரியம் ஏற்கெனவே இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வேலை மும்முரத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஆளுக்குக் கொஞ்சம் அதில் போடட்டும், அரசும் சேரட்டும். அதிகாரி முத்திரை வைத்துப் பூட்டிய ஆலையின் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும், திறக்கும்வரை கொடுக்கட்டும். முதலாளி இஷ்டத்துக்குப் பூட்டிக்கொண்டு வாரியத்தைக் கைகாட்ட இதில் வழியில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மருந்து அறையில் அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆள் உட்கார்ந்திருப்பது அங்கே வேலை பார்க்கிற பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். வெளியே சொன்னால் ஆலை பூட்டும், வருகிற சனிக்கிழமை தனக்கும் வீட்டுக்காரருக்கும் சம்பளம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவள் சொல்வதில்லை.