மிஷின் மாட்டினா முடிஞ்சுதா?

ஸ்லீப் ஆப்னியாவுக்கு சிபாப் மிஷின் மாட்டியும் எங்க சித்தப்பாவுக்குப் பகல்ல கண்ணு சொக்குது. ‘பழகிடும்’னு விற்றவர் சொல்லிட்டார். எனக்கு இதில் உடன்பாடில்லைங்க. மோட்டார் இறக்கினா போதுமா, கடைமடை வரை தண்ணி போகுதான்னு பார்க்க வேணாமா? சிட்னியில் காலின் சல்லிவன் முதல் 5 பேருக்கு இதைப் பொருத்தி 1981-ல் வெளியிட்டப்பவே ஆளுக்கொரு அழுத்தம் தேவைப்பட்டிருந்துச்சு.

மாஸ்க் ஓரம் காற்று கசியலாம், வாய் திறந்துக்கலாம். பெரும்பாலான மிஷின்கள் கசிவைப் பதிவு செய்யும், மூச்சுத் தடையையும் எண்ணும். மணிக்கு 5-க்குள் வந்தும் அசதி போகலைன்னா தைராய்டு, சாப்பிடும் மாத்திரை, தூங்கும் நேரம்னு டாக்டர் பார்க்கணும்.

1964 புயல் அழிச்ச தனுஷ்கோடியில் சோலாரை நம்பின குடிசையில ராத்திரி பூரா மிஷின் ஓடுமாங்கிறது தனிக்கதை. மணல் காத்துல வடிகட்டியும் அடைச்சுக்கும்.

ஊர்ல அப்பாவுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தவங்க, அடுத்த தடவை வர்றப்ப அந்தப் பதிவை எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.