உப்புப் படிகமும் ஈயக் கல்லும்

காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைக் கடந்தவுடன் தானே நீர் கொண்டு கசியும் சுபாவமுடைய உப்பை, பளிங்குபோல் தெளிந்த பெரும் படிகங்களாகக் காம்பாரில் சேகரித்து வைக்க விரும்புவோர், காற்றுப் புகாத பேழையும் சிலிக்கா ஜெல்லும் இன்றி அவ்வாசையில் இறங்குவது வீண் பிரயாசை என்பதே என் அபிப்பிராயம். தட்டினால் சதுரஞ் சதுரமாகவே பிளக்கும் அதன் சௌந்தரியத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஈரக் கை பட்டாலே அந்த முகங்கள் மங்கி, முனைகள் மழுங்கிப்போகும். போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்துப் படிகக் குகைகளோ அரசாங்கப் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே ஒருவரும் கைவைக்கலாகாது என்பது நியாயமே.

காம்பார் அடங்கிய நம் கிந்தாப் பள்ளத்தாக்கிலோ, பெண்கள் நீரில் நின்று டூலாங் தட்டில் அரித்தெடுத்ததும், 1985இல் உலகச் சந்தையில் விலை சரிந்து லம்பங்கள் என்னும் ஈயச் சுரங்கங்கள் மூடப்படும்வரை பல குடும்பங்களுக்குச் சோறிட்டதுமான கேசிட்டரைட் என்னும் ஈயக் கல், எந்த மழைக்கும் கரையாமல், உப்பைப்போல் மும்மடங்குக்கு மேல் அடர்த்தியுடன், கருமையாய் மின்னுகிறது. ஈப்போ புவியியல் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே அதைக் காணும் நம் தமிழ்ப்பள்ளி மாணவர், கையில் ஏந்தி அதன் கனத்தை உணர, பள்ளிக்கு ஒரு கல்லாவது கொடுக்க லம்பக்காரர் குடும்பங்கள் முன்வரவேண்டும்.